திறந்த வீடு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய நடைபாதைகளில் மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். மேற்புறம் கோடு கோடாகப் புடைத்திருக்கும். புடவை எடுக்கவும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் வருகிற கூட்டம் அதை அலங்காரம் என்று நினைத்து மிதித்துப் போகும். அதன்மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பார்வையற்றவர்கள் கைத்தடியால் தடவி வழி அறிவதற்காகப் போட்ட ஓடுகள் அவை. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதனால் அவர்களில் பலர் இங்கேயே தங்கி, இங்கேயே உடம்புபிடி நிலையங்களிலும் மற்ற வேலைகளிலும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் திறன்பேசியைக் காதருகே வைத்துக்கொண்டு நடப்பதைக் கவனித்தால், அவர் யாருடனும் பேசவில்லை, பேசி அவரிடம் பேசுகிறது என்பது புரியும். அதுவும் பழகாத காதுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில். விரலை வலப்பக்கம் தள்ளினால் திரையில் இருக்கும் அடுத்த பொருளின் பெயரைச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அதை அழுத்தும். ஆண்ட்ராய்டில் இதைச் செய்வது டாக்பேக் என்ற திரைவாசிப்பான்.

ஆண்ட்ராய்டு பேசியின் நல்லது கெட்டதைப் பற்றிப் பேச வந்தவன் கேமராவையும் பேட்டரியையும் விட்டுவிட்டு இங்கே தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் திரைவாசிப்பான் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால், கிள்ளானில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் சேமிப்பு எப்படி ஒரே இரவில் காணாமல் போகக்கூடும் என்பதும் கூடவே விளங்கிவிடும்.

ஒரு செயலி திரையில் பொத்தானை வரையும்போது படத்தை மட்டும் வரைவதில்லை. இது பொத்தான், இதன் பெயர் ‘அனுப்பு’, திரையில் இந்த இடத்தில் இருக்கிறது, இதை அழுத்தலாம் என்ற குறிப்புகளும் இயங்குதளத்திடம் போகின்றன. ஒரு திரையின் எல்லாக் குறிப்புகளும் சேர்ந்து கிளைவிட்ட மரமாக அமைகின்றன. திரைவாசிப்பான் அந்த மரத்தைக் கேட்டு வாங்கி, கிளை கிளையாக நடந்து, ஒவ்வொன்றையும் குரலாக்குகிறது. செயலியை எழுதியவர் சோம்பேறித்தனமாகப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்று மட்டும் சொல்லும். பணம் அனுப்பும் பக்கத்தில் அப்படி மூன்று பொத்தான்கள் வரிசையாக வந்தால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த வேலைக்கு மூன்று அதிகாரங்கள் வேண்டும். மற்றச் செயலிகளின் திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்ன மாறுகிறது என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். பயனரின் சார்பில் பொத்தானை அழுத்த முடிய வேண்டும். ஆண்ட்ராய்டின் அடிப்படைச் சட்டத்துக்கு இது நேர் எதிரானது. லினக்ஸ் கருவின்மேல் எழுந்தது ஆண்ட்ராய்டு. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்போது ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமல் காப்பதற்கு லினக்ஸில் பயனர் எண் உண்டு. ஆண்ட்ராய்டு அந்த எண்ணை மனிதர்களுக்குப் பதில் செயலிகளுக்குக் கொடுத்தது. உங்கள் வங்கிச் செயலி ஒரு பயனர், விளையாட்டுச் செயலி இன்னொரு பயனர். ஒன்றின் அறைக்குள் மற்றொன்று எட்டிப்பார்க்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் திரைவாசிப்பான் எட்டிப்பார்த்தே ஆக வேண்டும். ஆகவே தெரிந்தே ஒரு ஓட்டை விட்டார்கள். அதன் பெயர் அணுகல்தன்மைச் சேவை. 2009 செப்டம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 1.6இல் அது வந்தது.

அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் டி.வி. ராமன். புனேயில் வளர்ந்தவர், பதினான்கு வயதில் கண்நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். ஐஐடி பம்பாயில் படித்து, 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி வாசிக்கும் கணினி அமைப்புதான் அவருடைய ஆய்வு. கூகுளில் சார்லஸ் சென் என்பவருடன் சேர்ந்து, கண்ணை எதிர்பார்க்காத கைப்பேசி என்ற நோக்கத்தோடு இந்த வேலையைத் தொடங்கினார். முதல் சில ஆண்டுகள் அது நொண்டியது என்பதையும் சொல்ல வேண்டும். ஐபோன் 2009லேயே தொடுதிரையைத் தடவித் தடவி வாசிக்க வழி செய்துவிட்டது. ஆண்ட்ராய்டுக்கு அது 2011இன் இறுதியில், 4.0இல்தான் கிடைத்தது. இன்றும் திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடையே வெப்எய்ம் என்ற அமைப்பு நடத்தும் கருத்தாய்வுகளில் ஐபோனே முந்தி நிற்கிறது. அதில் பதில் சொல்கிறவர்களில் கணிசமானோர் வட அமெரிக்கர்கள். பிரிக்பீல்ட்ஸில் ஐபோன் விலை கட்டுப்படியாகாதவர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான்.

இனி மறுபக்கம். பிறர் திரையைப் பார்க்கலாம், பயனர் சார்பில் அழுத்தலாம் என்ற அதே அதிகாரம் ஒரு திருட்டுச் செயலியிடம் கிடைத்தால்? வங்கிச் செயலியில் நீங்கள் தட்டுவது தெரியும். இருப்பு எவ்வளவு என்று படிக்கும். பேசி சும்மா கிடக்கும் நேரம் பார்த்துத் தானே செயலியைத் திறந்து, தானே தொகையைப் போட்டு, தானே ‘உறுதிசெய்’ பொத்தானை அழுத்தும். அனுபிஸ், செர்பெரஸ் என்றெல்லாம் பெயர் வைத்த தீநிரல்கள் இதோடு நிற்கவில்லை. அவற்றை நீக்கலாம் என்று நீங்கள் அமைப்புகளுக்குள் போனால், அந்தப் பக்கம் திறந்த நொடியே ‘பின்செல்’ பொத்தானைத் தாமே அழுத்தி உங்களை வெளியே தள்ளிவிடும். பார்வையற்றவருக்கு விரலாக இருப்பது, இங்கே திருடனுக்கு விரல்.

இதை ஆண்ட்ராய்டின் பிழை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பிழை என்றால் திருத்திவிடலாம். இது வடிவமைப்பு. கூகுள் 2005இல் ஆண்ட்ராய்டு நிறுவனத்தை வாங்கியது. 2007 நவம்பரில் பல பேசித் தயாரிப்பாளர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இயங்குதளத்தை அறிவித்தது. 2008இல் எச்டிசி தயாரித்த முதல் பேசி வந்தது. அன்றிலிருந்தே ஆப்பிளோடு அதற்கு இருந்த கொள்கை வேறுபாடு ஒன்றுதான்: பேசியின் எந்தப் பகுதியையும் வெளியாள் மாற்றி எழுதலாம். முகப்புத் திரை, விசைப்பலகை, குறுஞ்செய்திச் செயலி, பேச்சுக் குரல், செயலி வாங்கும் கடை எதையும் மாற்றலாம். திறந்த வீடு. திறந்த வீட்டில் யார் நுழைவார்கள் என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே பழமொழி இருக்கிறது. ஆனால் அதே வாசல் வழியாக வந்த உறவினரையும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா?

அப்படி வந்தவற்றில் ஒன்று தமிழ்.

2010, 2011 வாக்கில் மலிவான ஆண்ட்ராய்டு பேசி வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தால் வரிசை வரிசையாக வெறும் கட்டங்கள். எழுத்துருவே கிடையாது. சில தயாரிப்பாளர்கள் தாங்களாகவே எழுத்துருவைச் சேர்த்து விற்றார்கள், மற்றவர்கள் கவலைப்படவில்லை. அந்தக் காலத்தில் ஓபரா மினி உலாவியின் முகவரிப் பெட்டியில் ஒரு ரகசியக் கட்டளையை இட்டு, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற அமைப்பை மாற்றிக்கொள்ளும் வித்தை கைமாறிக் கைமாறிப் பரவியது. துணிந்தவர்கள் பேசியின் பூட்டை உடைத்து எழுத்துருக் கோப்பை உள்ளே திணித்தார்கள். எழுத்துரு இருந்தாலும் பிரச்சினை தீராது. ‘கொ’ என்று எழுதும்போது கணினி முதலில் க-வையும் பிறகு ஒகரக் குறியையும் வரிசையாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதோ அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதைச் செய்யும் வரைவு நிரல் இல்லாத பேசியில் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆண்ட்ராய்டு பிற்பாடு ஹார்ப்பஸ் என்ற திறந்தமூல நிரலைச் சேர்த்துக்கொண்டது. 2014இல் வந்த 5.0இல் மெனுவே தமிழில் வந்தது.

படிப்பது இப்படி என்றால், எழுதுவது? அங்கேதான் திறந்த வாசல் நேரடியாக உதவியது. விசைப்பலகையை வெளியார் எழுதிச் சேர்க்க ஆண்ட்ராய்டு 2009லேயே, 1.5 பதிப்பிலேயே அனுமதித்துவிட்டது. ஆப்பிள் அந்தக் கதவைத் திறந்தது 2014 செப்டம்பரில், ஐஓஎஸ் 8இல்தான். அதுவரை ஐபோனில் வெளியார் விசைப்பலகை என்றால், தனிச் செயலிக்குள் தட்டச்சு செய்து, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். (ஆப்பிள் தன் சொந்தத் தமிழ் விசைப்பலகையை 2013இல் சேர்த்தது வேறு கதை.)

இந்த வரலாற்றில் கோலாலம்பூருக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. மலேசியக் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியவர். 2005இல் செல்லினம் என்ற மென்பொருள் வழியாகக் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொண்டுவந்தார். திறன்பேசி வந்ததும் செல்லினமும் விசைப்பலகையாக மாறியது. அஞ்சல் முறையிலும் தமிழ்99 முறையிலும் எழுத அதில் பழகிய கைகள் நம்மிடையே ஏராளம். ஆப்பிள் கருவிகளில் தமிழ் எழுத்துருப் பெயர்களின் இறுதியில் ‘எம்என்’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த இரண்டு எழுத்தும் இவர்தான். மூடிய வீட்டில் ஒரு தமிழர் நுழைவதற்கு அந்த நிறுவனமே கூப்பிட வேண்டியிருந்தது. திறந்த வீட்டில் யாரும் கூப்பிடாமலே ஆளுக்கொரு தமிழ் விசைப்பலகை எழுதினார்கள்.

அந்த ஆளுக்கொருவரில் யார் நம்பகமானவர் என்பது அடுத்த கேள்வி. புதிய விசைப்பலகையை இயக்கும்போது ஆண்ட்ராய்டு ஓர் எச்சரிக்கை காட்டும்: நீங்கள் தட்டும் எல்லாவற்றையும், கடவுச்சொல், கடன் அட்டை எண் உட்பட, இது சேகரிக்கக்கூடும் என்று. நல்ல விசைப்பலகைக்கும் அதே எச்சரிக்கை, கெட்டதற்கும் அதே எச்சரிக்கை. தமிழில் எழுத ஆசைப்படுகிறவர் சரி என்று அழுத்தித்தான் ஆக வேண்டும். இப்படி வருடக்கணக்கில் நல்ல காரியத்துக்காகச் சரி சரி என்று அழுத்திப் பழகிய விரல், கெட்டதற்கும் அப்படியே அழுத்துகிறது. எச்சரிக்கைகளின் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான். அவை ஆங்கிலத்திலோ மலாயிலோ சின்ன எழுத்தில் வருகின்றன என்பது அதற்கடுத்த குறை. மெனுவைத் தமிழுக்கு மாற்றலாம் என்று பேசி விற்கும் கடைக்காரர் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

அந்தப் பழக்கத்தை மலேசியாவில் எப்படி அறுவடை செய்தார்கள் என்பதற்குப் பதிவான உதாரணம் உண்டு. 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. மலேசியர்களைக் குறிவைத்து ஏழு போலித் தளங்கள். அவற்றில் ஆறு, வீட்டைத் துப்புரவு செய்ய ஆள் அனுப்புவதாகச் சொன்னவை. ஒன்று, செல்லப்பிராணிப் பொருள் கடை. முகநூல் விளம்பரத்தைத் தட்டினால் தளம் திறக்கும். முன்பதிவு செய்ய எங்கள் செயலியை இறக்குங்கள் என்று கூகுள் பிளே சின்னம் போன்ற பொத்தான் இருக்கும். அது பிளே கடைக்குப் போகாது, செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை நேராக இறக்கும். செயலி பார்க்க ஒழுங்காகவே இருக்கும். சேவையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போனால், இணையவழிப் பணப்பட்டுவாடாப் பக்கம் போலவே ஒன்று வந்து எட்டு மலேசிய வங்கிகளின் பட்டியலைக் காட்டும். பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால், தவறான விவரம் என்ற செய்தி வரும். அந்த நேரத்தில் விவரம் திருடனிடம் போய்ச் சேர்ந்திருக்கும். பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டேக் எண் குறுஞ்செய்தியாக வருமே, அது இல்லாமல் என்ன செய்வான்? அந்தச் செயலி முதலிலேயே குறுஞ்செய்தி அனுமதி வாங்கியிருக்கும். வருகிற ஒவ்வொரு செய்தியையும் அது சத்தமில்லாமல் திருடனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதே வேலையை ஐபோனில் செய்ய முடியாது. அங்கே வெளியார் செயலி எதுவும் குறுஞ்செய்திப் பெட்டிக்குள் நுழைந்து படிக்க ஆப்பிள் ஒருபோதும் விட்டதில்லை. ஆண்ட்ராய்டு விட்டது. வேறு அழகான செய்திச் செயலிகள் வந்ததும் அப்படி விட்டதால்தான். 2018இல் கூகுள் விழித்துக்கொண்டு, பிளே கடையில் இருக்கும் செயலிகளில் குறுஞ்செய்தி படிக்கும் உரிமையை மிகச் சிலவற்றுக்கு மட்டும் என்று குறைத்தது. கடைக்கு வெளியே இருந்து வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு அந்த விதிக்குக் கட்டுப்பட்டதல்ல. துப்புரவுச் சேவை பழசானதும் கல்யாணப் பத்திரிகை வந்தது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே, ‘எங்கள் வீட்டுத் திருமணம், அவசியம் வரவும்’ என்ற வரியோடு ஒரு ஏபிகே. பத்திரிகை படமாக வரலாம், பிடிஎப் ஆக வரலாம். நிறுவச் சொல்லிக் கேட்கும் பத்திரிகை எந்த ஊர்ச் சம்பிரதாயம் என்று யோசிக்க அந்த ஒரு நொடி கிடைப்பதில்லை.

மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. குறுஞ்செய்தி டேக் எண்ணைக் கைவிட்டு, வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் முறைக்கு மாற வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு பேசியில்தான் அந்த ஒப்புதல். புதிதாகப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அடுத்த மாதமே 997 என்ற அவசர எண்ணோடு மோசடிப் புகார் மையம் வந்தது. டேக் எண்ணைத் திருடுவது இதனால் வீணானது. ஆனால் குறுஞ்செய்தியை நம்பாத வங்கிச் செயலியைக் கவிழ்க்கத்தான் இருக்கவே இருக்கிறது, பேசிக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்தும் அணுகல்தன்மைச் சேவை.

இன்னொன்றும் நடந்தது. பாதுகாப்பு முழுவதும் ஒரே பேசியில் வந்து குவிந்துவிட்டதால், அந்தப் பேசி எவ்வளவு பழையது என்பது முக்கியமாகிவிட்டது. நம்மூரில் பெரியவர்கள் கையில் இருக்கும் பேசிகள் எப்படி வந்தன என்று விசாரித்தால் பாதிப் பேர் ஒரே கதை சொல்வார்கள். 2020 ஏப்ரலில் கோவிட் காலத்து மைசெஜாத்ரா செயலி வந்தது, பிறகு கடைக்குள் நுழையவே அது தேவைப்பட்டது. மகனோ மகளோ தன் பழைய பேசியைக் கொடுத்தார்கள். 2021 இறுதியில் 3ஜி சேவை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டபோது இன்னும் சிலர் பழைய 3ஜி பேசியை மாற்றிக்கொண்டார்கள். ஆக, திறன்பேசியில் அனுபவம் குறைந்தவர்கள் கைக்கே மிகப் பழைய ஆண்ட்ராய்டுகள் போய்ச் சேர்ந்தன.

ஆண்ட்ராய்டின் உண்மையான பலவீனம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். திறந்த வாசலைவிட, பழுதுபார்க்காத சுவர் மோசம். 2015 ஜூலையில் ஸ்டேஜ்பிரைட் என்ற ஓட்டை வெளியானது. காணொளியைக் கையாளும் நூலகத்தில் பிழை. ஒரு படச்செய்தி அனுப்பினாலே போதும், பயனர் திறக்கக்கூட வேண்டாம். அதன்பிறகு கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. ஆனால் வெளியிடுவது வேறு, உங்கள் பேசிக்கு வருவது வேறு. கூகுள் எழுதிய திருத்தம் குவால்காம், மீடியாடெக் போன்ற சில்லு நிறுவனத்திடம் போக வேண்டும். அவர்கள் தங்கள் பகுதியைச் சரிபார்த்து பேசித் தயாரிப்பாளரிடம் தர வேண்டும். அவர் தன் தோலைப் போர்த்தி, ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் சோதித்து அனுப்ப வேண்டும். மலிவு மாடலுக்கு அந்தச் செலவை யார் செய்வார்? 2017இல் சில்லு நிறுவனத்தின் பகுதியைத் தனியே பிரித்துவைக்கும் அமைப்பையும், 2019இல் சில பாகங்களைப் பிளே கடை வழியே நேராகப் புதுப்பிக்கும் வழியையும் கூகுள் கொண்டுவந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேறியது. 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கும் 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24க்கும் ஏழு ஆண்டு புதுப்பிப்பு என்று வாக்குறுதி வந்தது. இரண்டும் விலை உயர்ந்தவை.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கத்துக் கடையொன்றில் காதில் விழுந்த பேச்சு இது.

“தம்பி, இது எத்தன வருசம் தாங்கும்?”

“பேட்டரி ரெண்டு மூணு வருசம் நிக்கும் ஆன்டி. கெட்டுப் போனா இங்கயே மாத்திக் குடுத்திருவோம்.”

கேள்வியும் நியாயம், பதிலும் பொய்யில்லை. ஆனால் பேட்டரி மாற்றிவிடக்கூடியது. திருத்தம் வருவது நின்றுவிட்டால் எந்தக் கடையிலும் மாற்ற முடியாது. கடையிலேயே பேசியைக் கையில் வாங்கி, அமைப்புகளில் ‘பேசியைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போய், பாதுகாப்புத் திருத்தத் தேதியைப் பார்க்கலாம். பெட்டியில் புதிதாக இருக்கும் பேசியிலேயே ஒன்றரை வருடப் பழைய தேதி இருந்தால், அதை விலைப்பேச்சில் சொல்லிக் காட்டுவதைவிட வேறு மாடலைக் கேட்பது நல்லது. இரண்டாம் கைப் பேசிக்கும் இதே சோதனை. கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் ஒரிஜினல் செட், ஏபி செட் என்று இரண்டு விலை சொல்வார்களே, அதில் ஏபி செட் வேறு நாட்டுக்காகச் செய்தது. விலை குறையும், உத்தரவாதம் கடைக்காரருடையது. சில வேளை சீனச் சந்தைப் பேசியில் கடைக்காரரே வேறு மென்பொருளை ஏற்றிக் கூகுள் சேவைகளைச் சேர்த்திருப்பார். அதற்குப் பிறகு அந்தப் பேசிக்கு ஒழுங்காகத் திருத்தம் வருமா என்பது சந்தேகம்தான்.

‘கூகுள் சேவைகள்’ என்பதே தனி அடுக்கு என்பதை மலேசியர்கள் 2019இல் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கா ஹுவாவேயைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. செப்டம்பரில் வந்த மேட் 30இல் ஆண்ட்ராய்டு இருந்தது, ஆனால் பிளே கடையும் கூகுள் வரைபடமும் இல்லை. இயங்குதளத்தின் மூல நிரல் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடியது. அதன்மேல் இருக்கும் கூகுள் அடுக்கு அப்படியல்ல. திறந்த வீடு என்று சொன்னேனே, அதன் மாடி கூகுளுக்கே சொந்தம், பூட்டும் உண்டு.

கடையில் கேட்ட அந்தப் பேட்டரிக்கு வந்தால், வெயிலைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் பேசியை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, நடுப்பகலில் வழிகாட்டியைத் திறந்துவைத்து, மின்னேற்றிக்கொண்டே ஓட்டுகிறார்கள். லித்தியம் அயனிப் பேட்டரிக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. சூடு ஏற ஏற உள்ளே வேண்டாத வேதிவினைகள் விரைந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். பேசி தன்னைக் காத்துக்கொள்ள ஒளியைக் குறைக்கும், சில்லின் வேகத்தைக் குறைக்கும். இதில் ஆண்ட்ராய்டு, ஐபோன் பேதமில்லை. ஆண்ட்ராய்டுக்கே உரிய தொல்லை வேறு: பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில தயாரிப்பாளர்கள் பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடுகிறார்கள். புதிய வேலை வந்த அறிவிப்பு அந்த இளைஞருக்குப் பத்து நிமிடம் கழித்து வரும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

வாசலுக்கே திரும்புவோம். கூகுள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வருகிறது. 2017இல், ‘வெளியாதாரங்களை அனுமதி’ என்ற ஒரே பொது விசையை எடுத்துவிட்டு, எந்தச் செயலி வழியாக நிறுவுகிறீர்களோ அதற்குத் தனித்தனியே அனுமதி என்று மாற்றியது. 2022இன் ஆண்ட்ராய்டு 13இல், வெளியிலிருந்து நிறுவிய செயலி அணுகல்தன்மைச் சேவையைக் கேட்டால் உடனே கிடைக்காது. அமைப்புகளுக்குள் இன்னொரு சுற்றுப் போய் விலக்கு வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14இல் வங்கிச் செயலி தன் திரையின் குறிப்பிட்ட பகுதியை, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று அறிவிக்கப்படாத சேவைகளிடமிருந்து மறைக்கலாம். சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கி 2023 ஆகஸ்டில் ஒரு படி மேலே போனது. வெளியிலிருந்து நிறுவிய, ஆபத்தான அனுமதி பெற்ற செயலி பேசியில் இருந்தாலே தன் வங்கிச் செயலி திறக்காது என்றது. என் பேசியில் நான் எதை வைத்திருக்கிறேன் என்று வங்கி எப்படி எட்டிப்பார்க்கலாம் என்று அங்கே பலர் கொதித்தார்கள். மலேசிய வங்கிகளும் இது போன்ற தீநிரல் தடுப்பைத் தங்கள் செயலிகளில் சேர்த்து வருகின்றன.

2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது இன்னும் பெரியது. பிளே கடையானாலும் வெளியே ஆனாலும், அடையாளத்தைப் பதிந்து சரிபார்க்கப்பட்ட நிரலாளரின் செயலியை மட்டுமே, சான்று பெற்ற ஆண்ட்ராய்டு பேசிகளில் நிறுவ முடியும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகளுக்கு. நான்கில் மூன்று நம் அண்டை வீடுகள். திறந்தமூலச் செயலிகளை மட்டும் வழங்கும் எப்-டிராய்டு கடை இதைக் கடுமையாக எதிர்த்தது. நவம்பரில் கூகுள் சற்று இறங்கிவந்து, அபாயம் தெரிந்தே நிறுவ விரும்பும் அனுபவசாலிகளுக்கு ஒரு தனி வழி வைப்பதாகச் சொன்னது. எனக்கு இந்த நடவடிக்கையில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் சேமிப்பை இழந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் நின்று சுதந்திர மென்பொருளின் பெருமையைப் பேச எனக்கு வாயும் வராது.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. டாக்பேக் பிடிக்காத பார்வையற்றவர்கள் பலர் உலகெங்கும் ஜியேஷுவோ என்ற சீனத் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறார்கள். வேகமானது, வசதிகள் அதிகம். அது பிளே கடைக்கு வெளியே ஏபிகே கோப்பாகத்தான் பரவுகிறது. வெளியிலிருந்து வந்த கோப்பு, அணுகல்தன்மைச் சேவை, திரை முழுவதையும் படிக்கும் அதிகாரம்: வங்கிச் செயலியின் கணக்கில் இவை மூன்றும் திருடனின் அங்க அடையாளங்கள். ஒவ்வொரு ஏபிகேயும் அதை உருவாக்கியவரின் மறைகுறியீட்டுக் கையொப்பத்தோடுதான் வருகிறது. தெரிந்த திரைவாசிப்பான்களின் கையொப்பங்களை வங்கிகள் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, பேசியில் இருப்பது அதில் ஒன்றா என்று பார்த்து விலக்குத் தரலாம். நிரலாளருக்கு அது சில நாள் வேலை. அந்தப் பட்டியலைத் தயாரிக்க உட்காரும்போது, துன் சம்பந்தன் சாலைப் பக்கம் இருக்கும் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டால், பெயரிடப்படாத அந்த மூன்று பொத்தான்களையும் அன்றே சரிசெய்துவிடலாம்.